ஒரு சர்வருக்கு நாலு ஸ்கிரிப்ட் போதும்

தங்கச்சி, புது வேலையில் சேர்ந்த கையோடு சர்வர் பொறுப்பையும் உன்னிடமே கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னாய். ஒரு உபுண்டு சர்வர், அதில் பைத்தானில் எழுதிய ஒரு வெப் ஆப், அதே மெஷினில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், எல்லாவற்றுக்கும் முன்னால் என்ஜின்எக்ஸ். இதற்கு ஆன்சிபிள் படிக்கணுமா, டாக்கர் போடணுமா, குபர்நெட்டிஸ் இல்லாமல் முடியுமா என்றெல்லாம் கேட்டாய். இந்த அளவுக்கு அவை எதுவும் தேவையில்லை. பாஷ், எஸ்எஸ்ஹெச், ஆர்சிங்க், சிஸ்டம்டி இந்த நாலும் தெரிந்தால் போதும். பாஷ் வந்தது 1989-ல், எஸ்எஸ்ஹெச் 1995-ல், ஆர்சிங்க் 1996-ல். அதற்குப் பிறகு எத்தனையோ டூல்கள் வந்து போய்விட்டன, இவை நிற்கின்றன. இவற்றை நம்பி நீ இன்று எழுதும் ஸ்கிரிப்ட் இன்னும் பல வருஷம் ஓடும்.

ஒரே ஒரு விதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள். சர்வருக்குள் லாகின் செய்து கையால் எதையும் மாற்றாதே. மாற்ற வேண்டியதை ஸ்கிரிப்டில் எழுது, ஸ்கிரிப்டை கிட்டில் ஏற்று, பிறகு ஓட்டு. லாகின் செய்வது பார்ப்பதற்கு மட்டும். அப்படிச் செய்தால், ஒருநாள் சர்வர் படுத்துவிட்டாலும் 'இதில் என்னென்ன போட்டிருந்தோம்' என்று நினைவில் துழாவ வேண்டியதில்லை. எல்லாம் கிட்டில் இருக்கும். நீ லீவில் இருந்தாலும் வேறொருவர் அதைப் படித்து சர்வரை மறுபடி எழுப்பலாம்.

நீ எழுத வேண்டியவை நாலு: செட்டப், டிப்ளாய், ரோல்பேக், பேக்கப். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நாலுக்கும் பொதுவான சில பழக்கங்கள்.

1. தப்பு நடந்தால் நிற்கிற மாதிரி எழுது

ஒரு கமாண்ட் தோற்றுப்போனாலும் பாஷ் கவலைப்படாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். டெர்மினலில் கையால் அடிக்கும்போது நீ எர்ரரைப் பார்த்து நிறுத்துவாய். ஸ்கிரிப்டில் பார்க்க ஆள் இல்லை. அதனால் எல்லா ஸ்கிரிப்டிலும் முதல் வரிக்கு அடுத்ததாக 'செட்' கமாண்டோடு இ, யு, பைப்ஃபெயில் மூன்றையும் போட்டுவிடு. 'இ' போட்டால், தோற்ற இடத்திலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். 'யு' போட்டால், மதிப்பே கொடுக்காத வேரியபிளைத் தொட்டதும் நின்றுவிடும். 'பைப்ஃபெயில்' போட்டால், பைப்பில் கோத்த கமாண்டுகளில் எது தோற்றாலும் மொத்தமும் தோற்றதாகக் கணக்கு.

இது எதற்கு என்று ஒரு நிஜக் கதை சொல்கிறேன். 2015 ஜனவரியில், கேம் விளையாடுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் ஸ்டீம் மென்பொருளின் லினக்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு பிழை வெளியே வந்தது. தான் எந்த டைரக்டரியில் இருக்கிறோம் என்று கண்டுபிடித்து ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு, பிறகு அந்த டைரக்டரிக்குள் இருப்பதையெல்லாம் அழிக்கும் வரி அதில் இருந்தது. டைரக்டரியைக் கண்டுபிடிக்கும் கமாண்ட் தோற்றால் வேரியபிள் காலியாகிவிடும். காலி வேரியபிளுக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் மட்டும் மிஞ்சும். அதற்கு அர்த்தம், மெஷினின் வேரிலிருந்து எல்லாவற்றையும் அழி. பயனர்களின் சொந்த ஃபைல்கள் போயின.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. 'யு' மட்டும் இருந்திருந்தால் இதைப் பிடித்திருக்காது. காலி மதிப்பு கொடுத்த வேரியபிளும் மதிப்பு கொடுத்த வேரியபிள்தான் என்று பாஷ் எடுத்துக்கொள்ளும். அதனால் எதையாவது அழிக்கும் வரியில் வரும் வேரியபிளை எப்போதும் அடைப்புக்குள் போட்டு, பெயருக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர். காலியாக இருந்தால் அந்த இடத்திலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். 'இ'யையும் கண்ணை மூடி நம்பாதே. இஃப் நிபந்தனையாக நீ ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால், அந்த ஃபங்ஷனுக்குள் 'இ' வேலை செய்யாது.

எழுதி முடித்ததும் ஷெல்செக் என்ற இலவச டூலில் ஸ்கிரிப்டைக் கொடுத்துப் பார். மேற்கோள் குறி விட்டுப்போன வேரியபிள்களையும் வேறு பல கண்ணிகளையும் வரி எண்ணோடு காட்டிக் கொடுக்கும். அது எச்சரிக்கும் ஒவ்வொன்றையும் சரி செய்த பிறகுதான் கிட்டில் ஏற்ற வேண்டும்.

2. செட்டப்: எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே முடிவு

வெறும் உபுண்டுவை உன் ஆப் ஓடத் தயாரான சர்வராக மாற்றுவது இந்த ஸ்கிரிப்டின் வேலை. யூசர் உருவாக்குவது, சாவி வைப்பது, ஃபயர்வால், பேக்கேஜ்கள், என்ஜின்எக்ஸ் கான்ஃபிக், சிஸ்டம்டி யூனிட் ஃபைல் எல்லாம் இதில் வரும். இதற்கு ஒரே ஒரு தகுதி கட்டாயம்: இரண்டாம் முறை, பத்தாம் முறை ஓட்டினாலும் எதுவும் கெடக்கூடாது. ராத்திரி படுக்கும் முன் கதவைப் போய்ப் பார்ப்போமே, பூட்டாமல் இருந்தால் பூட்டுவோம், பூட்டியிருந்தால் திரும்பி வருவோம். ஒவ்வொரு வரியும் அப்படி இருக்க வேண்டும்.

டைரக்டரி உருவாக்கும் மேக்டிரோடு 'பி' சேர்த்தால், ஏற்கெனவே இருந்தாலும் குறை சொல்லாது. யூசர்ஆட் அப்படியில்லை, யூசர் இருந்தால் தோற்கும். அதனால் முதலில் 'ஐடி' கமாண்டால் அந்த யூசர் இருக்கிறாரா என்று கேட்டு, இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு. கான்ஃபிக் ஃபைலின் வாலில் ஒரு வரியை ஒட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மூன்று முறை ஓட்டினால் மூன்று வரி வந்து நிற்கும். முழு ஃபைலையும் கிட்டில் வைத்திரு, அதையே அப்படியே சர்வரில் காப்பி செய். பத்து தடவை காப்பி செய்தாலும் ஒரே ஃபைல்தான்.

பேக்கேஜ் போட 'ஆப்ட்' வேண்டாம், 'ஆப்ட்-கெட்' பயன்படுத்து. ஆப்ட் மனிதர்கள் கையால் அடிப்பதற்கானது. அதன் நடத்தை ஸ்கிரிப்டுக்காக மாறாமல் இருக்கும் என்று உறுதி கிடையாது, அதுவே அப்படி எச்சரிக்கும். நடுவில் கேள்வி கேட்டு நிற்காமலிருக்க டெபியன்-ஃப்ரன்ட்எண்ட் வேரியபிளை 'நான்இன்டராக்டிவ்' என்று வைத்துவிடு. பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக ஏற 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' பேக்கேஜையும் சேர்த்துக்கொள்.

உன்னை நீயே வெளியே பூட்டிக்கொள்ளும் ஆபத்தும் இந்த ஸ்கிரிப்டில்தான் இருக்கிறது, இங்கே நிதானமாக இரு. ஃபயர்வாலை இயக்கும் முன் எஸ்எஸ்ஹெச்சுக்கு வழி விட்டிருக்க வேண்டும். வரிசை மாறினால் அடுத்த முறை உள்ளே வர முடியாது. பாஸ்வேர்டு லாகினை நிறுத்துவதிலும் ஒரு கண்ணி உண்டு. எஸ்எஸ்ஹெச் சர்வர் கான்ஃபிக்கில் ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் வந்தால், முதலில் வருவதுதான் செல்லும். உபுண்டுவில் மெயின் ஃபைலின் தலையிலேயே துணை டைரக்டரி ஒன்றின் ஃபைல்களை அகர வரிசையில் படிக்கச் சொல்லியிருக்கும். பல கிளவுட் நிறுவனங்களின் உபுண்டுவில் அங்கே 50 என்ற எண்ணில் தொடங்கும் கிளவுட்-இனிட் ஃபைல் பாஸ்வேர்டை அனுமதித்தபடி உட்கார்ந்திருக்கும். நீ மெயின் ஃபைலில் 'நோ' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குவாய், பாஸ்வேர்டு லாகின் திறந்தே கிடக்கும். அதனால் உன் அமைப்பை 10 என்று தொடங்கும் தனி ஃபைலாக அதே டைரக்டரியில் போடு. எஸ்எஸ்ஹெச்டி-யோடு சின்ன 'டி' (t) கொடுத்தால் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சொல்லும். பெரிய 'டி' (T) கொடுத்தால் உண்மையில் எந்த மதிப்பு அமலில் இருக்கிறது என்று காட்டும். இரண்டையும் பார்த்த பிறகு ரீலோட் செய். பழைய ஜன்னலை மூடாமல், இன்னொரு டெர்மினலில் லாகின் ஆகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

ஸ்கிரிப்டை எஸ்எஸ்ஹெச் வழியாக நேரே பாஷுக்கு ஊட்டி ஓட்டலாம் என்று பலர் சொல்வார்கள். முடியும். ஆனால் நடுவில் ஏதாவது ஒரு கமாண்ட் இன்புட்டைப் படிக்கத் தொடங்கினால் உன் ஸ்கிரிப்டின் மிச்ச வரிகளை அது விழுங்கிவிடும், பாதியில் சத்தமில்லாமல் முடிந்துவிடும். ஃபைலாகக் காப்பி செய்து அங்கே ஓட்டுவதே நல்லது.

3. டிப்ளாய்: கையால் காப்பி செய்வதை இன்றோடு விடு

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததைத் தெரிந்துகொள். புது கோடை எட்டு சர்வர்களில் போட வேண்டியிருந்தது. டெக்னீஷியன் ஏழில் போட்டார், ஒன்று விட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற நடைமுறையும் அங்கே இல்லை. சந்தை திறந்ததும், அந்த எட்டாவது சர்வரில் வருஷக்கணக்காகப் பயன்படுத்தாமல் கிடந்த பழைய கோடு உயிர் பெற்று ஆர்டர்களை அள்ளிப் போட்டது. சுமார் 45 நிமிடம் ஓடிய அந்த ஆர்டர்களால் நிறுவனத்துக்கு 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். எட்டு பெயர்களைப் பட்டியலாக வைத்து லூப் போட்டு, ஒவ்வொன்றிலும் எந்த வெர்ஷன் ஓடுகிறது என்று கடைசியில் கேட்டுப் பார்க்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று இருந்திருந்தால், சந்தை திறக்கும் முன்பே விஷயம் தெரிந்திருக்கும்.

உன்னிடம் இருப்பது ஒரு சர்வர். பழக்கம் மட்டும் அதேதான். டைரக்டரி அமைப்பை இப்படி வை: 'ரிலீசஸ்' என்ற டைரக்டரிக்குள் ஒவ்வொரு டிப்ளாய்க்கும் தேதியும் நேரமும் பெயராகக் கொண்ட ஒரு டைரக்டரி. அவற்றில் இப்போது ஓடுவதைச் சுட்டும் 'கரன்ட்' என்ற சிம்லிங்க். யூசர்கள் ஏற்றும் படங்கள் போன்று எல்லா வெர்ஷனுக்கும் பொதுவானவை 'ஷேர்டு' டைரக்டரியில். ரூபி உலகில் கேபிஸ்ட்ரானோ என்ற டூல் பரப்பிய அமைப்பு இது, எந்த மொழிக்கும் பொருந்தும்.

டிப்ளாய் ஸ்கிரிப்டின் வரிசை இதுதான்:

• இன்னொரு டிப்ளாய் ஓடவில்லை என்பதை எஃப்லாக் கொண்டு உறுதி செய். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டினால் இருவர் வேலையும் கெடும்.

• புது டைரக்டரி உருவாக்கி, ஆர்சிங்க் மூலம் கோடை அனுப்பு. அனுப்பும் டைரக்டரி பெயரின் கடைசியில் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பது மட்டும் போகும், இல்லாவிட்டால் டைரக்டரியே ஒரு படி உள்ளே போய் உட்காரும். சந்தேகம் இருந்தால் 'டிரை-ரன்' கொடுத்துப் பார். 'டிலீட்' ஆப்ஷனோடு ஓட்டும்போது டிரை-ரன் இல்லாமல் தொடவே கூடாது.

• அந்த டைரக்டரிக்குள்ளேயே புது விர்ச்சுவல் என்விரான்மென்ட் போட்டு லைப்ரரிகளை ஏற்று. பழையதைக் காப்பி செய்யாதே, அதற்குள் பழைய பாதைகள் எழுதியிருக்கும்.

• டேட்டாபேஸ் மைக்ரேஷன் இருந்தால் ஓட்டு.

• 'கரன்ட்' லிங்க்கைப் புதியதற்கு மாற்று.

• சிஸ்டம்டி மூலம் ஆப்பை ரீஸ்டார்ட் செய். என்ஜின்எக்ஸ் கான்ஃபிக் மாறியிருந்தால், அதோடு 'டி' கொடுத்துச் சோதித்த பிறகே ரீலோட்.

• கடைசியாக கர்ல் மூலம் ஆப்பின் ஹெல்த் பக்கத்தைக் கூப்பிட்டுப் பார். கர்லோடு 'எஃப்' சேர்க்க மறக்காதே. அது இல்லாவிட்டால் 500 எர்ரர் வந்தாலும் கர்ல் வெற்றி என்றே திரும்பும். ரீஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும், எனவே இரண்டு விநாடி இடைவெளியில் பத்து முறை வரை கேட்கச் சொல். பத்தும் தோற்றால் ஸ்கிரிப்ட் தானே ரோல்பேக்கைக் கூப்பிட வேண்டும்.

லிங்க் மாற்றும் இடத்தில் ஒரு நுணுக்கம். எல்என் கமாண்டைக் கட்டாயப்படுத்தி ஓட்டினால், பழைய லிங்க்கை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும் முறையும் உண்டு, அப்போது நடுவில் ஒரு நொடித்துளி 'கரன்ட்' என்ற ஒன்றே இருக்காது. சரியாக அந்த நேரத்தில் வந்தவருக்கு எர்ரர். வேறு பெயரில் புது லிங்க் உருவாக்கி, எம்வி கமாண்டோடு பெரிய 'டி' கொடுத்து 'கரன்ட்' மேல் நகர்த்து. பெயர் மாற்றம் ஒரே அடியில் நடந்து முடியும், இடைவெளியே கிடையாது.

4. ரோல்பேக்: பயம் வரும் முன்பே எழுதி வை

கோளாறு வந்த நேரத்தில் யோசித்து எழுதும் ஸ்கிரிப்ட் இன்னொரு கோளாறைக் கொண்டுவரும். எல்லாம் நன்றாக இருக்கும்போதே எழுதி, ஓட்டிப் பழகிக்கொள். மேலே சொன்ன அமைப்பு இருந்தால் இதற்கு மூன்றே வேலை: முந்தைய டைரக்டரியைக் கண்டுபிடி, லிங்க்கை மாற்று, ரீஸ்டார்ட் செய். அதற்காகக் கடைசி ஐந்து ரிலீஸையாவது வைத்திரு. மிச்சத்தை டிப்ளாய் முடிந்ததும் அழித்துவிடு, இல்லாவிட்டால் டிஸ்க் நிறைந்துவிடும்.

கோடு பின்னால் போகும், டேட்டாபேஸ் போகாது. டேபிளில் ஒரு காலத்தை (நெடுவரிசையை) நீக்கிவிட்டுப் பழைய கோடுக்குத் திரும்பினால் அந்தப் பழைய கோடு காலத்தைத் தேடி விழும். எனவே முதல் டிப்ளாயில் புதுக் காலத்தைச் சேர்த்து, கோடை அதற்கு மாற்று. பழைய காலத்தை யாரும் தொடுவதில்லை என்று உறுதியான பிறகு, வேறொரு நாள் தனி டிப்ளாயில் நீக்கு.

5. ரகசியங்கள் கிட்டுக்கு வெளியே

டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, பேமென்ட் சாவி எதுவும் ஸ்கிரிப்டில் இருக்கக்கூடாது. ஒருமுறை கிட்டில் ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய கமிட்டில் இருந்துகொண்டே இருக்கும். அப்படி ஏறிவிட்டது என்று தெரிந்தால் அழிப்பதோடு விடாதே, சாவியையே மாற்று. கமாண்டோடு சேர்த்தும் அடிக்காதே, அதே மெஷினில் உள்ள மற்ற யூசர்கள் 'பிஎஸ்' அடித்தால் தெரிந்துவிடும். சர்வரில் ரூட்டுக்குச் சொந்தமான, 600 அனுமதி உள்ள தனி ஃபைலில் வை. சிஸ்டம்டி யூனிட்டில் 'என்விரான்மென்ட்ஃபைல்' என்று அந்தப் பாதையைக் கொடு. சிஸ்டம்டி ரூட்டாக அதைப் படித்து ஆப்புக்குக் கொடுக்கும். ஆப் ஓடும் யூசருக்கு அந்த ஃபைலைத் திறக்கும் உரிமையே தேவையில்லை.

அதே யூனிட் ஃபைலில் ஆப் விழுந்தால் மறுபடி எழுப்பும் 'ரீஸ்டார்ட்' வரியையும் போடு. லாக் பார்க்கத் தனியாக எதுவும் வேண்டாம், ஜர்னல்சிடிஎல் போதும்.

6. பேக்கப்: திரும்ப ஏற்றிப் பார்க்காதது பேக்கப்பே இல்லை

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர், துணை டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்து, மெயின் சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி-யில் 4.5 ஜிபி அளவே மிஞ்சியது. பேக்கப் எங்கே என்று தேடினால், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைக் காப்பி எடுக்கும் தினசரி பிஜி-டம்ப் தோற்றுக்கொண்டிருந்தது. டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன், டம்ப் எடுத்தது 9.2 வெர்ஷன். தோற்றதைச் சொல்ல வேண்டிய மெயில்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஸ்னாப்ஷாட் ஒன்று தற்செயலாக இருந்ததால் அத்தோடு தப்பினார்கள். அந்த நிறுவனம் இதையெல்லாம் ஒளிக்காமல் வெளியிட்டதால்தான் நாம் கற்றுக்கொள்ள முடிகிறது.

உன் பேக்கப் ஸ்கிரிப்டிலும் இதே மாதிரி ஒரு பள்ளம் இருக்கலாம். பிஜி-டம்பை ஜீசிப்பில் பைப் செய்து ஃபைலாக வைப்பது எல்லோரும் செய்வது. பைப்ஃபெயில் இல்லாவிட்டால், பிஜி-டம்ப் முதல் நொடியிலேயே தோற்றாலும் ஜீசிப் ஒழுங்காக முடிக்கும், ஸ்கிரிப்டும் வெற்றி என்றே சொல்லும். டைரக்டரியில் தினம் ஒரு ஃபைல் சேர்ந்துகொண்டே போகும், எல்லாம் வெறும் 20 பைட். அதனால் பைப்ஃபெயிலோடு ஃபைல் அளவையும் சோதி. முந்தைய நாளின் பாதிக்கும் குறைவாக இருந்தால் எச்சரிக்கை வர வேண்டும்.

பேக்கப் அதே சர்வரில் மட்டும் இருக்கக்கூடாது, வேறு நிறுவனத்தின் ஸ்டோரேஜுக்கு ஒரு காப்பி போக வேண்டும். தோற்றால் தகவல் வருவதை விட, வெற்றி பெற்றால் தகவல் வருவது நல்லது. வராத நாளில் நீயே போய்ப் பார்ப்பாய். நேரம் குறித்துத் தானாக ஓட்டும் கிரானில் போட்டால், அங்கே பாத் வேரியபிள் மிகச் சிறியது என்பதை நினைவில் வை. கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட் கிரானில் விழுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

7. எப்போது பெரிய டூலுக்குப் போகலாம்

சர்வர்கள் ஐந்தாறைத் தாண்டி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலை செய்யத் தொடங்கும்போது, ஸ்கிரிப்டில் இஃப் நிபந்தனைகள் பெருகி உனக்கே படிக்கக் கஷ்டமாக இருக்கும்போது, ஆன்சிபிளைப் பார். 2012-ல் மைக்கேல் டிஹான் தொடங்கியது. சர்வரில் ஏஜென்ட் எதுவும் வேண்டாம், அதே எஸ்எஸ்ஹெச் வழியாகத்தான் வேலை செய்யும். எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே முடிவு என்ற நீ பழகிய எண்ணமே அதற்கும் அடித்தளம். இன்று நீ பாஷில் படும் பாடு ஒன்றும் வீணாகாது.

அதுவரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பரீட்சையை மட்டும் தவறாமல் எழுது. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் சின்ன சர்வர் ஒன்றைப் புதிதாக எடு. செட்டப் ஓட்டு, நேற்றைய பேக்கப்பை ஏற்று, டிப்ளாய் செய், பிரவுசரில் திறந்து லாகின் ஆகிறதா பார். எங்கே கையால் ஒன்றைச் சேர்க்க வேண்டி வந்ததோ, அது ஸ்கிரிப்டில் விட்டுப்போனது என்று அர்த்தம். எழுதிச் சேர், மறுபடி முதலிலிருந்து ஓட்டு. கை வைக்காமல் கடைசி வரை ஓடிய பிறகு அந்த சர்வரை அழித்துவிடு, அதில் உள்ளது உன் யூசர்களின் உண்மையான டேட்டா. இந்தச் செலவுக்கு ஆபீஸில் அனுமதி கேட்கத் தயங்காதே. சர்வர் விழுந்த அன்று எவ்வளவு நேரத்தில் எழும் என்று மேலதிகாரி கேட்டால், அளந்து வைத்த பதில் உன் கையில் இருக்கும்.